தேமல் விழாத வரிசை

புகையிலை விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தும்மக் கூடாது, சாமி. அதன் பக்கத்தில் வைத்தால் கசகசாவே கூழாங்கல் மாதிரி தெரியும். ஒரு சிட்டிகைக்குள் ஒரு தோட்டம் அடங்கிவிடும். முதல் தடவை விதைக்கப் போனபோது நான் தும்மிவிட்டேன். தோட்டம் பறந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் போய் உட்கார்ந்தது. மழைக்குப் பிறகு அந்த ஓடுகளுக்கு இடையில் இரண்டு செடிகள் எட்டிப் பார்த்தன. அவற்றைப் பார்த்துவிட்டு நான் தனியாக நின்று சிரித்தேன். அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

உங்களுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்தால் உங்கள் கைக்கு நாற்றுத் தொட்டி எட்டும். மெதுவாகப் பேசுவோம். உள்ளே அண்ணன் மகள் நோரா குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறாள். அண்ணி வெளியே போயிருக்கிறார்.

நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பால்காரக் கோவிந்தம்மா உங்களைப் பார்க்க வந்திருப்பாள். அவள் நம் மாதா கோவிலுக்கு வருகிறவள் இல்லை. இருந்தாலும் மாட்டை வாசலில் கட்டிவிட்டு உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள் என்றால், அது அவளுடைய உரிமை. அவள் சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் பார்த்தது கடைசிப் பக்கத்தை மட்டும். புத்தகத்தை அப்படிப் படிக்கக் கூடாது.

நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள். நல்லது. பேசாமல் இருப்பவர்களிடம்தான் என்னால் பேச முடியும்.

இதை ஆரம்பித்தது நான் இல்லை, ஆம்ப்ரோஸ் அண்ணன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று உங்களுக்குத் தெரியும். வாயில் சுருட்டு இல்லாத அண்ணனை ஞாயிறு பூசை நேரத்தில் மட்டும்தான் பார்க்க முடியும். அப்போதும் அது சட்டைப் பையில் இருக்கும். ஜப்பான்காரனிடம் ரங்கூன் விழுந்த செய்தி வந்த அன்று இந்தத் தெருவில் எல்லோரும் ஏதேதோ கவலைப்பட்டார்கள். அண்ணன் பர்மாச் சுருட்டுக்காகத் துக்கம் கொண்டாடினார். அதன் பிறகு புகையிலைக்கு வரி வந்தது. நல்ல இலை எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. சைதாப்பேட்டைச் சந்தையில் பீர் முஹம்மதுவின் சுருட்டுக் கடைக்கு அண்ணனோடு நானும் போவேன். ஒரு நாள் அண்ணன் சுருட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டை விரலா இருந்தது சுண்டு விரலாயிடுச்சே, பாய். அடுத்த வருஷம் நகத்தைத்தான் விப்பியா?"

பீர் முஹம்மதுவுக்குக் கோபம் வரவில்லை. "நான் இன்னா பண்றது, நைனா? எல கீதா? இருந்தா நான் குடுக்க மாட்டனா? வோணும்னா நீயே பயிர் பண்ணிக்கோ," என்றார். விளையாட்டாகச் சொன்னவர் அதே விளையாட்டில் ஒரு காகிதத்தைச் சுருட்டி, அதில் விதையைக் கொட்டிக் கொடுத்தார். அவருடைய மச்சான் திண்டுக்கல் பக்கத்தில் பயிர் செய்கிறவர். அண்ணன் அதை வாங்கி என் சட்டைப் பையில் போட்டார். "இந்தா லூயி. சும்மாதான உக்காந்து படிச்சிக்கினு கீறே," என்றார்.

அது சரிதான். அச்சுக்கூடத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். காகிதம் கிடைக்காமல் அச்சுக்கூடத்தை மூடினார்கள். அண்ணி ஃப்ளோரா காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். நோராவின் புருஷன் பட்டாளத்தோடு கிழக்கே போயிருந்தான். அவள் முதல் பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் என்னால் உபயோகம் இல்லை. ஒரு புத்தகத்தை முடித்தால் இன்னொன்றை எடுப்பேன். இடையில் சுவரைப் பார்ப்பேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். என்னை நம்பி எதுவும் உயிரோடு இருந்ததில்லை.

அந்த விதை முளைத்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஊசி முனை அளவுக்குப் பச்சை. ஒன்று தெரிந்தது. கண்ணைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் நூறு. நான் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். எழுந்தபோது தலை சுற்றியது. பசியால் இல்லை. தேர் பார்க்கப் போன குழந்தையைத் தோளில் தூக்கிவைத்தால் அதற்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அந்த வருஷ அக்டோபர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கால்வாய் நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். இடுப்பு வரை தண்ணீரில் நின்றுகொண்டு நான் நாற்றுப் பாத்திக்குக் குடை பிடித்தேன். பாத்தி தண்ணீருக்குள் போய்விட்டது. நான் குடையை மடக்கவில்லை. அண்ணன் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே சத்தம் போட்டார்:

"நோவா, கப்பல்ல எனக்கும் ஒரு எடம் வையிடா."

இரண்டு பேரும் சிரித்தோம். மழைச் சத்தத்துக்கு மேல் எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டதாக அண்ணி பிறகு சொன்னார். தண்ணீர் வடிந்தபோது பாத்தியில் ஒரு செருப்பும் ஒரு செத்த பாம்பும் இருந்தன. காகிதத்தில் மிச்சம் ஒட்டியிருந்த விதையைச் சாம்பலில் கலந்து மறுபடி தூவினேன். இந்தத் தடவை தும்மவில்லை. முளைத்த பிறகு பாதி நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. மீதியைக் கொல்லையில் வரிசை வரிசையாக நட்டேன். பிறகு அசுவினிப் பூச்சி வந்தது. பிறகு பச்சைப் புழு வந்தது. தினமும் விடியும்போது இலைக்கு அடியில் விரலை விட்டுப் புழுவைத் தடவி எடுத்து உப்புத் தண்ணீரில் போடுவேன். ஒவ்வொரு கஷ்டமும் வரவர எனக்குச் சந்தோஷம் கூடிக்கொண்டே போயிற்று. பாட்டு முணுமுணுத்தேன். நோரா வந்து, "சித்தப்பா, பாடறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடினாள்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் ரத்த வாந்தி எடுத்தார்.

அபிராமபுரத்தில் இருந்து மருத்துவர் வந்தார். வயிற்றில் புண் என்றார். சுருட்டைத் தொடவே கூடாது. சோறு, குழம்பு, காபி எதுவும் கூடாது. மணிக்கு ஒரு தம்ளர் பால், அது மட்டும்தான். கோடை முடிவதற்குள் புண் ஆறிவிடும், மனிதர் நன்றாக நடமாடுவார் என்றார். "பால் தவறிச்சுன்னா மறுபடி ரத்தம் வரும். அப்ப என்னைக் கூப்பிடாதீங்க, சாமியாரைக் கூப்பிடுங்க," என்று வேடிக்கையாகச் சொன்னார். அண்ணி சிரிக்கவில்லை. அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பால் கிடைக்காத காலம். அண்ணி கால்வாய்க் கரைக்குப் போய்க் கோவிந்தம்மாவிடம் கெஞ்சினார். அவள் வேறு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தி எங்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டாள். காலையிலும் சாயங்காலமும் மாட்டை ஓட்டிக்கொண்டு வாசலுக்கே வந்து, எங்கள் பாத்திரத்தில், எங்கள் கண் முன்னால் கறந்துவிட்டுப் போவாள். அவள் மாட்டுக்குக் கன்று இல்லை. வைக்கோல் அடைத்த கன்றுத் தோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து மாட்டின் முன்னால் சாய்த்து வைப்பாள். மாடு அதை நக்கும். பால் சுரக்கும். நான் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மாடு ஏமாறுகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஏமாறச் சம்மதிக்கிறது என்றுதான் தோன்றியது.

அண்ணி பள்ளிக்கூடத்துக்குப் போவதால் மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. "தம்பி இருக்கச்சொல்ல எனக்கு இன்னா கவலை," என்று அவர் உங்களிடம்கூடச் சொல்லியிருப்பார். நான் ஒரு மணியும் தவறவிட்டதில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அண்ணன் என் கையில் இருந்து வெறும் தம்ளரை ஒரு நாளும் வாங்கியதில்லை.

கர்த்தர் பிறந்த திருநாள் முடிந்து சில நாளில் இலைகளில் தேமல் விழுந்தது. மனித உடம்பில் விழும் தேமல் போலத்தான். பச்சைக்குள் வெளிர்ப்பச்சைத் திட்டுகள். இலை சுருங்கும், தடிக்காது. சைதாப்பேட்டைக்குப் போய்ப் பீர் முஹம்மதுவைக் கேட்டேன். அது கை வழியாகப் பரவுகிற நோய் என்றார். பீடி, சுருட்டு, பொடி, வெற்றிலையோடு போடுகிற புகையிலை, எதைத் தொட்ட கையானாலும் அதில் இருக்கும். ஒரு செடியைத் தொட்டு அடுத்ததைத் தொட்டால் அதற்கும் போய்விடும். அவருடைய மச்சான் ஊரில் வயலுக்குள் யாரும் பொடி போடுவதில்லையாம்.

எங்கள் வீட்டில் கதவு, நாற்காலி, தலையணை, பைபிள் எல்லாவற்றிலும் அண்ணனுடைய சுருட்டு இருந்தது. நான் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, அதே கையோடு செடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கக் குருத்துகளைக் கிள்ளாவிட்டால் இலை பெருக்காது. கிள்ளினால் நோய் பரவும். சோப்புப் போட்டுக் கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோல் உரிந்தது. தேமல் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் அதைச் சொன்னார். நான் பால் கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதப் பாத்தாலே கொமட்டுதுடா, லூயி. எடுத்துக்கினு போய் உன் செடிக்கு ஊத்து. அதுங்களாவது தேறட்டும்."

இது அவர் வாயால் சொன்னது. நான் திரித்துச் சொல்லவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அண்ணன் எதைச் சொன்னாலும் சிரிப்போடுதான் சொல்வார். அதற்காக அவர் சொன்னதையெல்லாம் தள்ளிவிட முடியுமா?

தம்ளரோடு கொல்லைக்குப் போனேன். குப்பத்துப் பக்கம் இருந்து வரும் ஒரு சாம்பல் நிறப் பூனை காலில் இடித்தது. பால் என் இரண்டு கையிலும் கொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே கிழக்குச் சுவர் ஓரத்து வரிசையில் குருத்துக் கிள்ளினேன். நோரா பிரசவ வலி என்று கத்தவே மீதி வரிசைகளை மறுநாளுக்கு விட்டுவிட்டேன். மறுநாள் காய்ந்த கையோடு அவற்றைக் கிள்ளினேன். குழந்தை பிறந்த அமளியில் சில நாள் செடிகளை உற்றுப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது எல்லா வரிசையிலும் தேமல். கிழக்கு வரிசையில் மட்டும் ஓர் இலையில்கூட இல்லை. சுத்தமான பச்சை.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். படிக்கிறவனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது தானே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று இருக்கும். மற்றவர்கள் எழுதியதில் பிழை திருத்தியே காலம் கழித்தவன் நான். அவசரப்படவில்லை. நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி எரித்தேன். தப்பியவற்றில் ஒரு வரிசையைப் பால் நனைத்த கையால் தொட்டேன், ஒரு வரிசையைத் தண்ணீர் நனைத்த கையால் தொட்டேன். பால் வரிசை தப்பியது. தண்ணீர் வரிசையில் தேமல் வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே. நீங்கள் பூசையில் அப்பத்தைத் தொடுவதற்கு முன் விரல் நுனியைக் கழுவுகிறீர்கள். சிறு வயது முதல் அந்த அசைவைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அர்த்தம் எனக்கு அந்தக் கொல்லையில்தான் விளங்கியது. சந்தோஷத்தில் எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கடற்கரை வரை ஓடினேன். வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைத் துரத்துகிறவன் யார் என்று பின்னால் பார்த்தார்கள்.

ஒவ்வொரு செடிக்கும் கையை நனைக்க வேண்டும். இலைச் சாறு கலந்து பால் கொஞ்ச நேரத்தில் பச்சை நிறமாகிவிடும், மாற்ற வேண்டும். முதலில் ஒரு தம்ளர் போதுமானதாக இருந்தது. இலை பெருக்கப் பெருக்க அது போதவில்லை. அண்ணனுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே ஆரோரூட் மாவைக் காய்ச்சி, அதில் கொஞ்சம் பாலை விட்டேன். மருத்துவரே நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொல்கிற மாவு அது. வெள்ளையாகத்தான் இருந்தது. அண்ணன் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"இன்னிக்கு எறங்குதுடா. மாட்ட மாத்திட்டாங்களா?"

அவருக்கு அது பிடித்திருந்தது, சாமி. பாலைக் குமட்டல் என்றவர் இதைக் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு பால் விடுவதைக் குறைத்தேன். பிறகு நிறத்துக்கு மட்டும் விட்டேன்.

இலையில் பால் தெளித்தால் இன்னும் நல்லது என்று கண்டேன். தெளித்த பாலை நக்க அந்தப் பூனை வந்தது. புகையிலை இலையை நக்கிய பூனையை நீங்கள் பார்த்ததில்லை. நான்கு காலும் நான்கு திசைக்குப் போகும். சுவர் மேல் தாவப் பார்த்துச் சுவர் இல்லாத இடத்தில் தாவியது. பிறகு உட்கார்ந்து தன் வாலையே யாருடையதோ என்பது போலப் பார்த்தது. அண்ணன் ஜன்னலில் இருந்து பார்த்துச் சிரித்தார். "பட்டைச் சாராயம் போட்டுட்டு வர்றானே நம்ம துறைமுகத்து மேஸ்திரி, அவனே தாண்டா," என்றார். சிரித்ததில் வயிறு வலித்து மடங்கிப் படுத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான். இதை அண்ணியிடம் கேட்டாலும் சொல்வார். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

அண்ணன் இளைத்துக்கொண்டு வந்தார். கழுத்து எலும்புக் குழியில் நிழல் தங்கியது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டுக் குழம்பினார். பால் ஒழுங்காகப் போகிறதா என்றார். என் கண் முன்னால் கறக்கிறார்கள், தம்பி தன் கையால் கொடுக்கிறார் என்று அண்ணி சொன்னார். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான், "ஒரு மணியும் தவறவில்லை," என்றேன். பால் அவ்வளவு நல்ல பால் இல்லை போலிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அண்ணி வாசலில் நின்றார். எனக்கு உள்ளே எல்லாம் கேட்டது.

"தண்ணி கிண்ணி கலக்கறியா, கோவிந்தம்மா? உள்ள ஒரு உயிர் கெடக்குது. உண்மைய சொல்லிடு."

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? உன் கண்ணெதிர்க்க தான கறக்கறேன். மடிக்குள்ளாற போயா தண்ணி ஊத்துவேன்? கைய நீட்டு. நீட்டும்மா."

அவள் காம்பைத் திருப்பி நேராக அண்ணியின் உள்ளங்கையில் பீய்ச்சினாள்.

"நாக்குல வச்சிப் பாரு. இத்த குடிச்சிட்டு எவனாவது எளப்பானா? மாட்டு மேல பழி போடாத. உன் வூட்டுக்குள்ளாற பாரு."

அண்ணி நாக்கில் வைத்துப் பார்த்தார். பால் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் புருஷன் இளைத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு ஏதோ நோய் இருக்கும், இல்லாவிட்டால் தீனி சரியில்லை என்று முடிவு செய்தார். லஸ் பக்கத்தில் இருந்து வேறு பால்காரரை ஏற்பாடு செய்துகொண்டு கோவிந்தம்மாவை நிறுத்திவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. அவளுடைய மாட்டுப் பாலில் செடிகள் நன்றாக இருந்தன. புதுப் பால் எப்படியோ என்று எனக்குக் கவலை.

நிறுத்திய அன்று வாசலில் அவள் தன் வைக்கோல் கன்றை மறந்துவிட்டுப் போனாள். அதை எடுக்கக் கால்வாய்க் கரையில் இருந்து கொல்லைப் பக்கமாகத் திரும்பி வந்தபோதுதான் என்னைப் பார்த்தாள். நான் சொம்புக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டிருந்தேன்.

"இன்னா சாரே பண்றே?"

"கை கழுவறேன்," என்றேன். அது பொய் இல்லை.

அவள் செடியைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். கன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அண்ணனை அடக்கம் செய்த பிறகு, அவளுடைய பாலால்தான் என் புருஷன் போனார் என்று அண்ணி தெருவெல்லாம் சொன்னார். அவளிடம் யாரும் பால் வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். நான் அவளாக இருந்தாலும் வந்திருப்பேன்.

இலையை ஒடித்துக் கோத்துக் காயப் போட வேண்டிய நாள் வந்தது. நேர் வெயில் கூடாது, காற்று வேண்டும். வீட்டில் அப்படிப்பட்ட இடம் அண்ணனின் அறை ஒன்றுதான். அவர் படுக்கைக்கு மேல் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி இலைகளைத் தொங்கவிட்டேன். பச்சை, மஞ்சள், பிறகு தேன் நிறம். அண்ணன் மல்லாந்து படுத்துக்கொண்டு கப்பல் பாய்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். மூக்கை விரித்து இழுப்பார். அவர் முகத்தில் நிறமே இல்லாமல் போனபோதும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

மறுபடி ரத்தம் வந்தது தவக்காலத்தில். அதற்கு மறுநாள்தான் உங்களைக் கூப்பிட்டோம். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தபோது நான் தலைமாட்டில் அசையாமல் நின்றேன். அண்ணன் தம்பி பாசத்தைப் பற்றி நீங்கள் பிறகு அண்ணியிடம் சொன்னீர்களாம். நான் நின்றது ஜன்னலை மறைத்துக்கொண்டு. விதைக்காக விட்டு வைத்திருந்த செடியின் இலை ஒன்று கம்பி வழியாக அறைக்குள் நீண்டிருந்தது. நீங்கள் வருவதற்கு முன்னால்தான் பொடி போட்டிருந்தீர்கள். அண்ணனின் கண்ணிலும் காதிலும் உதட்டிலும் நீங்கள் எண்ணெய் தொட்டு வைத்தபோது நான் உங்கள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இலைப் பக்கம் போகவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அன்று நான் மனதாரச் செய்த ஜெபம் அதுதான்.

நீங்கள் போன பிறகு அண்ணன் கயிற்றைக் காட்டினார்.

"ஒரே ஒரு இழுப்புடா, லூயி. நம்ம எலை."

நான் கொடுக்கவில்லை. மருத்துவர் கூடாது என்று சொல்லியிருந்தார். தவிர, இலை பதமாக இன்னும் ஒரு மாதம் வேண்டும். அதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன்.

அவர் வற்புறுத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார். "செடிங்க நல்லா கீதா?" என்றார்.

"நல்லா இருக்குது அண்ணே. ஒண்ணுலகூட தேமல் இல்லை."

"அதுங்களாவது தேறிச்சே," என்றார்.

அதே வார்த்தை. கவனித்தீர்களா? மாதக்கணக்கில் அந்த ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தவர் அவர். சொம்பு இருந்தது ஜன்னலுக்கு நேரே. என் கையில் இருந்து பால் சொட்டுவதை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் அப்பா காலத்தில் இருந்தே அப்படித்தான். அவர் அன்று சாயங்காலமே போய்விட்டார். அவருக்குப் புரிந்திருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு விதமாக எடுத்துக்கொண்டால் என்னால் தூங்க முடியாது. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஆகவே, ஆமாம். நோயாளிக்கு வந்த பாலை நான் எடுத்தேன். கொடுத்திருந்தால் அவர் இந்நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். எடுக்கும்போதும் தெரியும். கோவிந்தம்மா மேலும் அவள் மாட்டின் மேலும் ஒரு குற்றமும் இல்லை. இதை நீங்கள் பிரசங்கத்திலேயே சொல்லலாம். நான் இதைக் கோவிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லவில்லை, வெளி வராந்தாவில் சொல்கிறேன். மறைக்க வேண்டும் என்றால், கேட்டதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாத அந்த இடத்துக்கே வந்திருப்பேன்.

மன்னிப்பு கேட்கத்தான் இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். இல்லை. ஒருவரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது. இப்படித் திரும்பிப் பாருங்கள். கத்திரி வெயிலில் புகையிலை நாற்று நிற்காது என்பார்கள். பீர் முஹம்மது கேட்டால் நம்பவே மாட்டார். அண்ணனுடைய ஜன்னலில் விட்ட செடியின் விதைதான். ஓலை நிழலில் வைத்திருக்கிறேன். நிற்கிறது பாருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு இலை. ஒரு புள்ளி இல்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

தொட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கும். தொடுங்கள். ஆனால் பொடி விரல், சாமி. ஜன்னல் ஓரம் சொம்பு இருக்கிறது, முதலில் அதில் கையை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க வேண்டாம், தாராளமாக விடுங்கள். அப்பா போன துக்கத்தில் நோராவுக்குப் பால் வற்றிவிட்டதால் குழந்தைக்கென்று லஸ் பால்காரர் தினமும் இரண்டு வேளையும் கொண்டுவருகிறார். பாவம், அதுவும் இப்போது இளைத்துக்கொண்டுதான் வருகிறது. ஆனால் நான் காய்ச்சிக் கொடுக்கிற ஆரோரூட்டை மட்டும் அழாமல் குடிக்கிறது.